டெட்ராய்ட் லயன்ஸ் எழுந்தது எப்படி? ஒரு குவார்ட்டர்பேக் போதுமா?

கேள்வி | 19 ஜனவரி 2025

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் நாக்அவுட் சுற்றில் (பிளேஆஃப்) நேற்று வாஷிங்டன் 45–31 என்று டெட்ராய்ட்டை அதன் சொந்த மைதானத்திலேயே சாய்த்துவிட்டது. போன சீசனில் இதே வாஷிங்டன் 4 வெற்றி, 13 தோல்வி. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஒன்றில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் கிடைத்தார், இன்று கோப்பை இறுதியான சூப்பர் பவுலுக்கு முந்தைய கான்ஃபரன்ஸ் இறுதிக்கு வந்து நிற்கிறார்கள். லயன்ஸ் நாலு வருஷமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறது. அணியைக் கட்டுவது, பொறுமை, பண்பாடு என்பதெல்லாம் பேச்சுதான். நல்ல குவார்ட்டர்பேக் அமைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சரிதானே?

20 ஜனவரி 2025, காலை

சரியில்லை. சனிக்கிழமை ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லாமல் விட மனசில்லை.

முதலில் அந்த ஆட்டம். ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தோம். ஜாரெட் காஃப் எறிந்ததில் மூன்று அவர்கள் கைக்குப் போனது, ஒரு முறை பந்தைத் தவறவிட்டார். நாலாவது குவார்ட்டரில் பந்தைப் பிடிப்பதே வேலையான ரிசீவர் ஜேமிசன் வில்லியம்ஸை எறியவைத்து ஒரு தந்திரம் செய்தார்கள், அதுவும் அவர்கள் கையில் போய் விழுந்தது. தடுப்பாட்டத்தின் உயிர்நாடி ஐடன் ஹட்சின்சன் அக்டோபரில் டாலஸில் கால் முறிந்து போனவர், அதோடு சீசன் முடிந்தது. டிசம்பரில் அலிம் மெக்நீலுக்கு முழங்கால். வெறும் ஐந்து ஆட்டத்தில் ஏழரை சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) எடுத்த ஆள் இல்லாமல் டேனியல்ஸ் போன்ற ஒருவரை நெருக்குவது ரொம்பக் கஷ்டம். அவர் பிரமாதமாக ஆடினார், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் உங்கள் கேள்வி ஓர் ஆட்டத்தைப் பற்றியதில்லை. 3 வெற்றி, 13 தோல்வி, 1 டிரா என்று 2021ஐ முடித்த அணி 2024இல் 15–2 என்று முடித்தது எப்படி என்பதுதான் விஷயம்.

2021 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 15 இடத்துக்குள் ஐந்து குவார்ட்டர்பேக்குகள். முதலிடத்தில் டிரெவர் லாரன்ஸ், இரண்டில் ஸாக் வில்சன், மூன்றில் டிரே லான்ஸ், 11இல் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், 15இல் மேக் ஜோன்ஸ். ஒவ்வொருவரும் ஓர் அணியின் மீட்பர் என்று சொல்லி எடுக்கப்பட்டவர்கள். மூன்றே வருஷத்தில் லாரன்ஸ் தவிர நால்வரும் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். அதே டிராஃப்டில் 7ஆவது இடம் லயன்ஸுடையது. ஃபீல்ட்ஸையும் ஜோன்ஸையும் அதுவரை யாரும் எடுக்கவில்லை. லயன்ஸ் எடுத்தது பெனே சூவெல் என்ற டேக்கிளை. குவார்ட்டர்பேக்குக்குக் காவல் நிற்கும் ஆள். லயன்ஸின் ஜெனரல் மேனேஜர் பிராட் ஹோம்ஸ் டிராஃப்ட் அறையில் துள்ளிக் குதித்த வீடியோவைப் பார்க்காதவர்கள் பாருங்கள். ஒரு டேக்கிளுக்காக ஒரு மனிதர் அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. அந்த வீடியோவைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த ஆட்கள்மேல் முதல் நம்பிக்கை வந்தது.

20 ஜனவரி 2025, இரவு

எங்கள் ஆஃபென்ஸை (தாக்குதல் ஆட்டத்தை) வகுக்கும் கோஆர்டினேட்டர் பென் ஜான்சன் சிகாகோ பேர்ஸுக்குத் தலைமைக் கோச்சாகப் போகிறாராம். நாலு அணிகள் கொண்ட நம் டிவிஷனுக்குள்ளேயே. 2024இல் 564 பாயிண்ட் எடுத்து லீகிலேயே முதலாவதாக வந்த ஆஃபென்ஸின் மூளை அவர். அடுத்து தற்காப்புக் கோஆர்டினேட்டர் ஏரன் க்ளெனும் கிளம்புவார் என்கிறார்கள். இதைப் பற்றிப் பிறகு.

23 ஜனவரி 2025

க்ளென் ஜெட்ஸுக்குப் போய்விட்டார். இரண்டு கோஆர்டினேட்டர்களும் ஒரே வாரத்தில் காலி. ஜெயிக்கிற அணிக்கு லீக் போடும் வரி இது.

எங்கள் பழைய குவார்ட்டர்பேக் ஸ்டாஃபர்டை மாற்றிக் கொடுத்த டிரேடைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இதை நிதானமாக எழுதவேண்டும், ஏனென்றால் கதையின் பாதி அதில்தான் இருக்கிறது.

மேத்யூ ஸ்டாஃபர்ட் 2009இல் முதலிடத் தேர்வு. அதற்கு முந்தைய 2008 சீசன் 0–16. பதினாறு ஆட்டமும் தோற்ற முதல் அணி நாங்கள்தான். ஸ்டாஃபர்ட் பன்னிரண்டு சீசன் இங்கே ஆடினார். விலா எலும்பு, முதுகு, தோள் என்று எல்லா இடத்திலும் அடி வாங்கிக்கொண்டு ஆடினார். பிளேஆஃபில் ஒரு வெற்றிகூட இல்லை. கேள்வி கேட்ட நண்பர் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்: நல்ல குவார்ட்டர்பேக் எங்களிடம் பன்னிரண்டு வருஷம் இருந்தார். ஒரு கட்டம் வரை கால்வின் ஜான்சனும் கூடவே இருந்தார், அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ரிசீவர். இருவரும் சேர்ந்தும் எதுவும் நடக்கவில்லை.

2021 ஜனவரி கடைசியில் ஸ்டாஃபர்ட் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போனார். பதிலுக்கு வந்தது காஃப், 2021 டிராஃப்டின் ஒரு மூன்றாம் ரவுண்டுத் தேர்வு, 2022, 2023 இரண்டின் முதல் ரவுண்டுத் தேர்வுகள். 2022 பிப்ரவரியிலேயே ராம்ஸ் சின்சினாட்டியை 23–20 என்று வென்று சூப்பர் பவுல் எடுத்தது. அன்று டெட்ராய்ட்டில் ஸ்டாஃபர்டுக்காக அழுதவர்கள் உண்டு.

ஏலச்சீட்டு கட்டியவர்களுக்கு இந்த டிரேடு சட்டென்று விளங்கும். அவசரக்காரர் முதல் மாதமே தள்ளி எடுத்துப் போவார், கழிவு மற்றவர்களுக்கு. ராம்ஸ் அன்றைக்கே எடுத்தது, கோப்பையும் கிடைத்தது, அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி. நாங்கள் கழிவு வாங்கிக்கொண்டு காத்திருந்தோம்.

அந்தக் கழிவு எங்கெங்கே போனது என்று பாருங்கள். மூன்றாம் ரவுண்டு இஃபியாட்டு மெலிஃபோன்வு ஆனது. டிராஃப்டில் தோற்றவர்களுக்கு முன்னிடம், ஜெயித்தவர்களுக்குக் கடைசி இடம்; ராம்ஸ் ஜெயித்ததால் 2022 தேர்வு கடைசியான 32ஆம் இடத்துக்குப் போனது. அதோடு 34, 66ஐயும் மின்னசோட்டாவுக்குக் கொடுத்து 12, 46 இரண்டையும் வாங்கினார் ஹோம்ஸ். 12 என்பது ஜேமிசன் வில்லியம்ஸ். அடுத்த வருஷம் ராம்ஸ் 5–12 என்று சரிந்தது, எங்களுக்கு 6ஆம் இடம். அதையும் ஒரு மூன்றாம் ரவுண்டையும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 என்று வாங்கினார்கள். 12இல் பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸ், 34இல் சாம் லபோர்ட்டா. கிப்ஸ் இந்த சீசனில் 20 டச்டவுன். லபோர்ட்டா முதல் வருஷத்திலேயே 86 கேட்ச் பிடித்து, புதுமுக டைட் எண்டுகளில் (முன்வரிசையில் நின்று தடுப்பதும் பந்து பிடிப்பதும் செய்பவர்கள்) அதுவரை யாரும் தொடாத கணக்கை வைத்தார்.

ஒரே ஆளை விட்டதில் இத்தனை பேர். ஆனால் தேர்வுகள் கையில் சேர்ந்தால் போதும் என்று நினைத்தால் கிளீவ்லாண்டைப் பாருங்கள். அவர்களும் தேர்வுகளைக் குவித்தார்கள், 2017இல் 0–16 என்று எங்களுக்குத் துணைக்கு வந்தார்கள். சேர்த்ததை யார்மேல் செலவழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம்.

25 ஜனவரி 2025

"காஃப் 2016இல் முதலிடத் தேர்வு, சூப்பர் பவுல் ஆடியவர். அப்புறம் குவார்ட்டர்பேக் முக்கியமில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை, ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

2021இல் காஃபை யாரும் பரிசாகப் பார்க்கவில்லை. அவருடைய பெரிய ஒப்பந்தத்தை ராம்ஸ் தலையிலிருந்து இறக்கிவைப்பதற்காகத்தான் தேர்வுகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதே பேச்சு. இங்கே எல்லோரும் அவரை இடைக்கால ஆள் என்றார்கள். அடுத்த வருஷம் ஒருவரை டிராஃப்ட் செய்வார்கள், அதற்கடுத்த வருஷமாவது செய்வார்கள் என்று காத்திருந்தார்கள். ஹோம்ஸ் அந்தப் பக்கமே போகவில்லை. காஃப் இன்ன ஆள் என்று அவர்களுக்குத் தெரியும்: எதிரே ஆள் வந்து விழுந்தால் தடுமாறுவார், காலுக்கு அடியில் இடம் கொடுத்தால் பந்து ஊசி மாதிரி போகும். அதனால் இடம் கொடுத்தார்கள். சூவெல், டெய்லர் டெக்கர், ஃபிராங்க் ராக்னோ என்று முன்வரிசையில் நிறுத்தினார்கள். பந்தைப் பிடிக்க நாலாவது ரவுண்டில், 112ஆம் இடத்தில் ஆமன்-ரா செயின்ட் பிரவுன். அவருக்கு முன் 16 ரிசீவர்களை மற்றவர்கள் எடுத்தார்கள். அந்த 16 பேரின் பெயரையும் அவர் இன்றும் வரிசையாகச் சொல்வார். 2023இல் 119 கேட்ச், 1,515 யார்டு.

ஆகவே என் வாதம் வரிசையைப் பற்றியது. நல்ல குவார்ட்டர்பேக் வேண்டும், சந்தேகமே இல்லை. அவர் வந்து நிற்கும்போது அவரைச் சுற்றி என்ன இருக்கிறது? 2009 ஸ்டாஃபர்டைச் சுற்றி என்ன இருந்தது, 2022 காஃபைச் சுற்றி என்ன இருந்தது? இருவரில் திறமை யாருக்கு அதிகம் என்று என்னைக் கேட்டால் ஸ்டாஃபர்ட் என்றுதான் சொல்வேன், இப்போதும்.

27 ஜனவரி 2025

பிலடெல்ஃபியா 55, வாஷிங்டன் 23. இதை வைத்து நான் வாதத்தில் ஜெயித்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். 4–13இலிருந்து கான்ஃபரன்ஸ் இறுதி என்பது மகத்தான சீசன். ஆனால் டேனியல்ஸ் ஒருவரால் மட்டுமே வந்தது என்பதையும் ஏற்கமாட்டேன். 2023இல் வாஷிங்டனுக்கு முதலாளி மாறினார். 2024இல் ஜெனரல் மேனேஜர் ஆடம் பீட்டர்ஸ் புதிது, கோச் டான் குவின் புதிது, ஆடுபவர்களில் பெரும்பகுதி புதிது. மேலிருந்து கீழ்வரை ஒரே நேரத்தில் மாற்றி, அதன் நடுவில் அந்தப் பையனை நிறுத்தினார்கள். ஹூஸ்டனும் 2023இல் இதையே செய்தது. டெமிக்கோ ரையன்ஸ் கோச்சாக வந்தார், இரண்டாம் தேர்வில் சி. ஜே. ஸ்ட்ரவுட், மூன்றாம் தேர்வில் வில் ஆண்டர்சன், 10–7. வேகமாகவும் கட்டலாம், மறுக்கவில்லை.

2 பிப்ரவரி 2025

பொறுமை வெறும் பேச்சு என்று நண்பர் சொன்னது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் கேன்டனில் இருக்கிறேன், டெட்ராய்ட்டிலிருந்து மேற்கே. கார் உதிரிபாகம் வடிவமைக்கும் வேலை. இங்கே வந்த புதிதில் இந்த ஆட்டம் எனக்குப் புரியவில்லை. கூட வேலை செய்த ஒரு பெரியவர்தான் மதிய உணவு நேரத்தில் காகிதத்தில் வட்டமும் பெருக்கலும் போட்டு விளக்கினார். அவருடைய அப்பா 1957 கோப்பையைப் பார்த்தவர். லயன்ஸ் கடைசியாக எடுத்த கோப்பை அது. மகனுக்கு மிச்சமானது நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று தோற்பதைப் பார்க்கிற வழக்கம்.

2022 அக்டோபர். முதல் ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி. நியூ இங்கிலாந்தில் 29–0, டாலஸில் 24–6. 2021இல் வந்த தலைமைக் கோச் டான் கேம்ப்பெல்லின் மொத்தக் கணக்கு அப்போது 4 வெற்றி, 18 தோல்வி, 1 டிரா. அலுவலகத்தில் திங்கட்கிழமை பேச்சே இல்லை. அந்தப் பெரியவர் தன் சீசன் டிக்கெட்டை அடுத்த வருஷம் வாங்கப்போவதில்லை என்றார். எங்கள் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் மட்டும்தான் நீல ஜெர்சி போட்டுக்கொண்டு திரிந்தார்கள், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போடுகிறார்கள் என்பதற்காக.

அந்த வாரம் அணியின் முதலாளி ஷீலா ஃபோர்டு ஹாம்ப் பயிற்சி மைதானத்தில் செய்தியாளர்களிடம் வந்து பேசினார். வழக்கமாக அதிகம் பேசாதவர். இது கடினமான காரியம் என்று தெரிந்தே இறங்கினோம், ஹோம்ஸையும் கேம்ப்பெல்லையும் நம்புகிறேன், யாரும் பதற வேண்டாம் என்கிற பொருளில் சொன்னார். நான் அதை அன்று நம்பவில்லை. இந்தக் குடும்பம் 1960களிலிருந்து அணியை வைத்திருக்கிறது, இப்படிப்பட்ட பேச்சுகளை இந்த ஊர் நிறையக் கேட்டிருக்கிறது.

அடுத்த ஞாயிறு மியாமியிடம் 31–27 தோல்வி, 1–6. மறுநாள் தற்காப்புப் பின்வரிசைக் கோச்சை நீக்கினார்கள். அதற்கு மறுநாள் டைட் எண்ட் டி. ஜே. ஹாக்கின்சனை மின்னசோட்டாவுக்கு விற்றார்கள். சரி, இந்த வருஷமும் போச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதன்பிறகு பத்து ஆட்டத்தில் எட்டு வெற்றி. கடைசி ஆட்டம் கிரீன் பேயில், ராத்திரி. பிளேஆஃப் வாய்ப்பு அன்று மாலையே போய்விட்டது, சியாட்டில் ஜெயித்ததால். ஜெயித்தாலும் ஒன்றுமில்லை என்ற ஆட்டத்தை 20–16 என்று ஜெயித்து, பேக்கர்ஸின் சீசனையும் முடித்துவைத்தார்கள். 9–8. அடுத்த சீசன் 12–5, முப்பது வருஷத்துக்குப் பின் டிவிஷன் பட்டம்.

ஷீலா அந்த அக்டோபரில் இருவரையும் அனுப்பியிருந்தால்? புது கோச், புது மேனேஜர், காஃப் வெளியே, ஒரு புது குவார்ட்டர்பேக், திரும்பவும் மூன்று வருஷம். எத்தனையோ அணிகள் இந்த வட்டத்திலேயே கிடக்கின்றன.

3 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு யோசித்தேன். பொறுமை நல்லது என்று சொல்லி நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். மேட் மில்லன் விஷயத்திலும் இதே குடும்பம் பொறுமையாகத்தான் இருந்தது. 2001இல் அணியை நடத்தும் பொறுப்புக்கு வந்தவரை 2008 செப்டம்பர் வரை வைத்திருந்தார்கள். அவர் காலத்துக் கணக்கு 31 வெற்றி, 84 தோல்வி. 2003, 2004, 2005 மூன்று வருஷமும் முதல் ரவுண்டில் ரிசீவர்: சார்லஸ் ரோஜர்ஸ், ராய் வில்லியம்ஸ், மைக் வில்லியம்ஸ். ரசிகர்கள் அவரை அனுப்பச் சொல்லி மைதானத்திலேயே பதாகை பிடித்தார்கள். காகிதப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பொறுமை இந்த ஊரைக் கொன்றது.

எதிர்ப்பக்கமும் நடந்தது. 2017இல் கோச் ஜிம் கால்ட்வெல் 9–7 எடுத்தார், போதாது என்று அனுப்பினார்கள். வந்த மேட் பட்ரீஷியா 13–29–1. 2020 தேங்க்ஸ்கிவிங்கில் ஹூஸ்டனிடம் தோற்ற இரண்டாம் நாள் அவரும் மேனேஜர் பாப் குவினும் வெளியே.

அப்படியானால் எந்தத் தோல்வியைப் பொறுக்கலாம்? எனக்குத் தோன்றுவது இது. தோற்ற ஆட்டத்துக்குள் என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். 2022இல் சியாட்டிலிடம் தோற்றது 48–45. ஆஃபென்ஸ் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. தற்காப்பில் புதுமுகங்கள்: ஹட்சின்சன் இரண்டாம் தேர்வு, கெர்பி ஜோசஃப் மூன்றாம் ரவுண்டு, மால்கம் ரோட்ரிகஸ் ஆறாம் ரவுண்டு. வாராவாரம் தவறு குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. முந்தின வருஷமும் அப்படித்தான். பால்டிமோரின் ஜஸ்டின் டக்கர் 66 யார்டிலிருந்து உதைத்த பந்து கம்பியில் பட்டு உள்ளே விழுந்து 19–17 என்று தோற்றோம். அவ்வளவு தோற்றும் யாரும் ஆடுவதை நிறுத்தவில்லை. மில்லன் காலத்தில் நவம்பர் வந்தால் அணி படுத்துவிடும் என்று அந்தப் பெரியவர் சொல்வார்.

இன்னொன்று, ஹோம்ஸையும் கேம்ப்பெல்லையும் ஒரே மாதத்தில், 2021 ஜனவரியில் எடுத்தார்கள். கேம்ப்பெல்லுக்கு ஆறு வருஷ ஒப்பந்தம். கோச் கேட்பது ஒரு மாதிரி ஆள், மேனேஜர் வாங்குவது இன்னொரு மாதிரி ஆள் என்ற இழுபறி இங்கே இல்லை. முழங்கால் சில்லைக் கடித்தெடுப்போம் என்று முதல் பேட்டியில் கேம்ப்பெல் சொன்னபோது நாடே சிரித்தது. அவர் இதே லயன்ஸில் ஆடியவர், 0–16 சீசனில் அணியில் இருந்தவர் என்பதை அன்று அதிகம் பேர் நினைத்துப் பார்க்கவில்லை.

3 பிப்ரவரி 2025, சற்றுப் பிறகு

ஒன்று விட்டுப்போயிற்று. 2021 நவம்பர் 30இல் ஆக்ஸ்ஃபர்ட் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச்சூடு, நாலு பிள்ளைகள் இறந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அந்த ஞாயிறு லயன்ஸ் கடைசி வினாடியில், காஃபிடமிருந்து செயின்ட் பிரவுனுக்கு, மின்னசோட்டாவை 29–27 என்று வென்றது. சீசனின் முதல் வெற்றி, அதுவரை பத்துத் தோல்வி ஒரு டிரா. ஆட்டம் முடிந்து கேம்ப்பெல் இறந்த பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி, பந்தை ஆக்ஸ்ஃபர்ட் மக்களுக்குக் கொடுத்தார். பள்ளிக்குப் பிள்ளை அனுப்புகிற வீடு எங்களுடையது. அன்றிலிருந்து அந்த மனிதர் தோற்றாலும் என் கோச்.

10 பிப்ரவரி 2025

சூப்பர் பவுல்: பிலடெல்ஃபியா 40, கான்சஸ் சிட்டி 22. ஜெயித்தது முதல் ரவுண்டில் எடுக்காத குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ், 2020இல் 53ஆம் தேர்வு. அவருக்கு முன்னால் லீகின் மிகச் சிறந்த முன்வரிசை. என் வாதத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சான் ஃபிரான்சிஸ்கோ ஆட்டத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: 2024 ஜனவரி 28, கான்ஃபரன்ஸ் இறுதி, இடைவேளையில் 24–7 முன்னிலை, முடிவு 34–31 தோல்வி. கடைசி வாய்ப்பான நாலாவது டவுனில் இரண்டு முறை, மூன்று பாயிண்ட் தரும் ஃபீல்டு கோல் உதைக்காமல் ஆடப்போனது தவறா? முதலாவது, 28 யார்டு கோட்டில், 24–10. அங்கே உதைத்திருக்கலாம் என்று நானும் அன்று கத்தினேன். ஜாஷ் ரெனால்ட்ஸ் கைக்கு வந்த பந்து, நழுவியது. பிடித்திருந்தால் இன்று கேள்வியே இல்லை. அப்புறம் கிண்டில் வில்டோரின் முகக்கவசத்தில் பட்டு எகிறிய பந்தை பிராண்டன் ஐயுக் பிடித்தார். கிப்ஸ் பந்தைத் தவறவிட்டார். எல்லாம் சேர்ந்து வந்தது. இரண்டு சீசன் முழுக்க நாலாவது டவுனில் துணிந்து ஆடித்தான் அந்த ஆட்டம் வரை வந்தார்கள். அன்றைக்கு மட்டும் கோச் வேறு ஆளாக மாறியிருக்கவேண்டும் என்று என்னால் கேட்க முடியவில்லை.

அதற்கு இரண்டு வாரம் முந்தைய ஆட்டத்தை மறக்காதீர்கள். எங்கள் மைதானமான ஃபோர்டு ஃபீல்டில் நடந்த முதல் பிளேஆஃப், எதிரே ஸ்டாஃபர்டின் ராம்ஸ். கோல் கோட்டுக்கு 20 யார்டுக்குள் இருக்கும் ரெட் ஜோனுக்குள் ராம்ஸ் மூன்று முறை வந்து மூன்று முறையும் ஃபீல்டு கோலோடு திரும்பினார்கள். 24–23. 32 வருஷத்தில் முதல் பிளேஆஃப் வெற்றி. காஃப் பெயரைச் சொல்லி அரங்கமே கோஷம் போட்டது. தொலைக்காட்சியில் பார்த்தும் உடம்பு சிலிர்த்தது. ஸ்டாஃபர்டைப் பார்த்து ஊளையிட்டது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் உடம்பைக் கொடுத்தவர்.

26 ஏப்ரல் 2025

டிராஃப்ட். முதல் ரவுண்டில் டைலீக் வில்லியம்ஸ், தற்காப்பு முன்வரிசை. இரண்டாவதில் ஆஃபென்ஸ் முன்வரிசையின் கார்டு டேட் ராட்லெட்ஜ். மூன்றாவதில் ரிசீவர் ஐசக் டெஸ்லாவுக்காக 70ஆம் இடத்துக்கு ஏறினார்கள், 2026இன் இரண்டு மூன்றாம் ரவுண்டுகளைக் கொடுத்து.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஹோம்ஸ் இந்த அணியைக் கட்டியதே நடு ரவுண்டுகளில்தான். மெக்நீல் மூன்றாம் ரவுண்டு. கெர்பி ஜோசஃப் மூன்றாம் ரவுண்டு, போன சீசனில் 9 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது), லீகில் முதலாவது. அப்படிப்பட்ட இரண்டு சீட்டை ஒரே ரிசீவருக்கா? இதே மாதிரி 2023இலும் எல்லோரும் திட்டினார்கள்: 12இல் ரன்னிங் பேக்கா, 18இல் தற்காப்பின் இரண்டாம் வரிசை லைன்பேக்கரா, விலை அதிகம் என்று. கிப்ஸும் ஜாக் கேம்ப்பெல்லும் அந்த வாயை அடைத்தார்கள். அதனால் ஹோம்ஸின் கண்ணை நம்புகிறேன், விலையைத்தான் நம்பமுடியவில்லை.

ஏன் நடு ரவுண்டு இவ்வளவு முக்கியம் என்றால், பணம். இந்த லீகில் சம்பள உச்சவரம்பு கறாரானது. 2021இல் 18.25 கோடி டாலர், இந்த வருஷம் 27.92 கோடி. புதுமுகத்துக்கு நாலு வருஷம் மலிவுச் சம்பளம். மூன்று சீசன் முடிந்ததும் நல்லவர்கள் பெரிய ஒப்பந்தம் கேட்கலாம், கேட்பார்கள், அது நியாயம். போன ஏப்ரலில் செயின்ட் பிரவுனுக்கு நாலு வருஷத்துக்கு 12 கோடி, சூவெல்லுக்கு 11.2 கோடி. மே மாதம் காஃபுக்கு 21.2 கோடி. இந்த மாதம் ஜோசஃபுக்கு 8.6 கோடி. ஹட்சின்சன் வரிசையில் நிற்கிறார். கிப்ஸ், லபோர்ட்டா, பிரையன் பிராஞ்ச் அடுத்த வருஷம். இத்தனை பேருக்கும் கொடுக்கவேண்டுமென்றால் மிச்ச இடங்களில் மலிவான, ஆனால் ஆடத் தெரிந்த பையன்கள் வேண்டும். அவர்கள் கிடைப்பது மூன்று, நாலாவது ரவுண்டுகளில்தான்.

வாஷிங்டன் நண்பருக்கு: உங்கள் டேனியல்ஸ் இப்போது மலிவு. இந்த மூன்று வருஷத்தை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

3 ஜூன் 2025

ராக்னோ ஓய்வு பெற்றுவிட்டார். 29 வயது. கால் கட்டைவிரல் காயத்தோடு வருஷக்கணக்கில் ஆடிய சென்டர், முன்வரிசையின் நடு ஆள்.

இந்த இழையில் யாரும் கேட்காத ஒன்றை இப்போது சொல்லவேண்டும். ராக்னோ 2018இல் 20ஆம் தேர்வு. டெக்கர் 2016இல் 16ஆம் தேர்வு. இருவரையும் எடுத்தது, நாம் எல்லோரும் திட்டித் தீர்த்த பாப் குவின். ஹோம்ஸ் காலி மனையில் கட்டவில்லை. விழுந்த வீட்டில் இரண்டு நல்ல தூண் நின்றது, அதை அடையாளம் கண்டு விற்காமல் வைத்துக்கொண்டார். அதே குவின் 2020இல் மூன்றாம் தேர்வில் எடுத்த ஜெஃப் ஒகூடாவை அட்லாண்டாவுக்கு ஓர் ஐந்தாம் ரவுண்டுக்குக் கொடுத்தார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்பதில் ஹோம்ஸ் காட்டிய நிதானத்தை டிரேடுகளைவிட மேலாக மதிக்கிறேன்.

இப்போது என்ன? கார்டு கெவின் ஸைட்லர் டென்னசிக்குப் போய்விட்டார். முன்வரிசையில் ஐந்தில் இரண்டு இடம் புதிது. கிரகாம் கிளாஸ்கோவை சென்டருக்கு நகர்த்தி, ராட்லெட்ஜை நேராகக் கார்டாக இறக்குவார்கள் என்று நினைக்கிறேன். கோஆர்டினேட்டர்களும் புதிது: ஆஃபென்ஸுக்கு ஜான் மார்ட்டன், தற்காப்புக்கு உள்ளேயிருந்தே கெல்வின் ஷெப்பர்ட். காஃபுக்கு நடுவிலிருந்து நெருக்கடி வந்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். பென் ஜான்சனுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். முதல் ஆட்டம் செப்டம்பர் 7 கிரீன் பேயில். அடுத்த வாரம் 14ஆம் தேதி ஃபோர்டு ஃபீல்டுக்கு சிகாகோவோடு வருகிறார் ஜான்சன். அந்த இரண்டு ஆட்டத்திலும் பந்தை விட்டுவிட்டு சென்டரையும் இரண்டு கார்டுகளையும் பாருங்கள். இந்த சீசன் எப்படிப் போகும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். பார்த்துவிட்டு இங்கே வாருங்கள், பேசுவோம்.